பெயருக்கு முன்னால் ஒரு சொல்

திருவண்ணாமலையில் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பெண், வேங்கிக்கால் வருவதற்குள் கேட்டுவிடுவாள்: "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" கேட்பதில் வன்மம் எதுவும் இல்லை. பூ என்ன விலை என்று கேட்பது மாதிரிதான். இலங்கையில், எங்கள் வன்னியிலோ யுத்தம் முடிந்த பிறகு இந்தக் கேள்வியைச் சனம் கைவிட்டுவிட்டது. என்ன பதில் வருமோ என்று எல்லோருக்கும் பயம். இங்கே வந்த புதிதில், ஆள் காணாமல் போய்விட்டார் என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "ஐயோ, குடிப்பாரா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி இன்னும் அன்பானவள். "கிரிவலப் பாதையில சாமியாருங்களோட சாமியாரா உக்காந்திருப்பாருங்க, போய்ப் பாருங்க" என்றாள். இந்த ஊரில் மனிதர்கள் தொலைவதற்கு அப்படியும் ஒரு வழி இருக்கிறது. எனக்கும் புத்தி கெட்டுத்தான் போயிருந்தது. ஒரு பௌர்ணமியன்று காவித் துணிக்குள் தெரிந்த முகங்களை எல்லாம் பார்த்துக்கொண்டே மலையைச் சுற்றி வந்தேன்.

அவர் சாமியாராகப் போகவில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில், சரணடைகிறவர்களைப் பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது. நம்பிப் போய், சீருடைக்காரர்கள் காட்டிய பஸ்ஸில் ஏறினார். ஐந்து வயது மகள் நிலானி அப்பாவுக்குக் கை காட்டினாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் முட்கம்பி முகாமும் அரசாங்கக் கந்தோர் வாசல்களும்தான். ஒரு விசாரணையில், மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பாருங்கள் என்றார்கள். எங்கே செத்தார், யார் கொன்றது என்று கேட்டேன். அது தெரியாது என்றார்கள். தெரியாத சாவுக்கு எதற்குச் சான்றிதழ் என்று எழுந்து வந்துவிட்டேன். பிறகுதான் கடல் தாண்டி, கீழ்பென்னாத்தூர் பக்கத்து அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தோம்.

விசாரணைகளுக்கு அலைந்த நாட்களில், எங்களுக்காக வழக்காடிய ஒரு சட்டத்தரணி எனக்குச் சொன்னதை இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். தென்னமெரிக்காவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் படங்களோடு தெருவில் நின்று நின்றே, இதற்கென்று ஓர் உலகச் சட்டம் பிறக்க வழி செய்தார்களாம். கொண்டுபோனவன் பதில் சொல்லும்வரை அந்தக் குற்றம் முடிவதில்லை, ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டே இருக்கிறது என்கிறதாம் அந்தச் சட்டம். என் நாடு அதில் கையெழுத்துப் போட்டது, பதில்தான் சொல்லவில்லை. நான் வாழும் இந்த நாடு அகதிகளுக்கான உலக உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை. ஆனால் அரிசி தந்தது, கூரை தந்தது, என் பிள்ளையைப் படிக்கவைத்தது. குடியுரிமை மட்டும் தரவில்லை. கையெழுத்துகளை நான் எப்படி நம்புவது? ஒவ்வொரு மார்ச்சிலும் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைச் சபை கூடுகிறது, தீர்மானம் வருகிறது, நாங்கள் செய்தி பார்க்கிறோம். இப்போது பெரிய நாடுகளே அந்தச் சபைகளைச் சட்டை செய்வதில்லை. எங்கள் சாட்சியங்கள் அங்கே பத்திரமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்க ஆள் இருக்குமா என்பதுதான் எனக்கு நித்திரை வராத கவலை.

இந்த நிலையில்தான் நிலானிக்குக் கல்யாணம் பேசினோம். மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர்ப் பையன். நாங்கள் கச்சான் என்கிற நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லிப் பயிரிடும் குடும்பம். அவன் அம்மா மல்லிகா, அகதிப் பெண் என்று ஒரு வார்த்தை பேசாதவர். அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பத்திரிகையை என் போனுக்கு அனுப்பியிருந்தார். என் கணவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று இருந்தது. இறந்தவர்களுக்கு இங்கே மரியாதையாகப் போடும் சொல். உடனே மல்லிகாவை அழைத்தேன்.

"அவர் செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கோச்சிக்காதீங்க சம்பந்தி. உங்க பொண்ணுதாங்க அப்படிப் போடச் சொல்லுச்சு."

நிலானி மறைக்கவில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. "நான் எத்தனை வருஷம்மா கை காட்டிக்கிட்டே நிக்கறது? அவரு போயிட்டாருன்னு யாராவது சொன்னாதான என்னால அழ முடியும்? எனக்கு அப்பாவுக்காக ஒரு தடவை அழணும்மா."

அவளுடைய துக்கத்தையும் சேர்த்து நானே தடுத்து வைத்திருக்கிறேன் என்று அன்றுவரை தோன்றியதே இல்லை. ஆனாலும் மனம் இறங்கவில்லை. "நீ அழு பிள்ளை, நான் மறிக்கேல்ல. ஆனா அவங்கள் தந்து நான் வாங்காத சான்றிதழை உன்ர கலியாணக் கார்டில அடிக்க விடமாட்டன்" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அழும் சத்தம் கேட்டது. நானும் அழுதேன், தனியாக.

மறுநாள் மல்லிகா முகாமுக்கே வந்தார். எல்லாம் சொன்னேன். ஜெனீவா அவருக்குப் புரியவில்லை, பஸ் புரிந்தது. "வெறும் பேரைப் போட்டுடலாங்க. எவனாவது கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார். நிலானி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கல்யாணம் திருவண்ணாமலையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. நெற்றியில் பொட்டோடு நான் மேடை ஏறியபோது சில பெண்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு பத்திரிகையைப் பார்த்தார்கள். என் கணவரின் இடத்தில் நின்று என் ஒன்றுவிட்ட அண்ணன் தாரை வார்த்துக் கொடுத்தார். தாலி ஏறியதும் பெற்றோர் காலில் விழச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டில் இருவர் சேர்ந்து நின்றார்கள். எங்கள் பக்கத்தில் நான் மட்டும். இத்தனை வருடப் பழக்கம், எங்கே நின்றாலும் அவருக்கு இடம் விட்டுத்தான் நிற்பேன் போலிருக்கிறது. புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டுச் சொன்னார்: "அம்மா, பக்கத்துல காலியா தெரியுது, கொஞ்சம் நடுவுல வாங்க."

நான் நகரப் போனேன். குனிந்திருந்த நிலானி நிமிர்ந்தாள்.

"இல்லண்ணா, அம்மா அங்கயே நிக்கட்டும். எடம் விட்டே எடுங்க" என்றாள். என் பக்கத்தில் இருந்த வெறும் தரையையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.