சூடு தணிந்த ஈயம்

பிழை என் கையில் நடந்தது; பழியை ஒரு பெண்ணின் கைமேல் போட்டேன். நான் வார்த்த ஈயக்குண்டுகளுக்குள் பொக்கை இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே, காலர் கோணலானதற்கு மிஷின் ஓட்டியவர்தான் காரணம் என்று முதலாளியிடம் சொன்னேன். வயதானால் பலருக்கு மறதி வருகிறது. எனக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. கருப்புப் பெயிண்ட் அடித்து வெயிலில் வரிசையாகக் காயவைத்த அந்தக் குண்டுகள் இன்னும் கண்முன் நிற்கின்றன.

குண்டு என்றதும் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். வீரபாண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பனியன் சட்டைகளுக்குக் காலர் பின்னும் கை மிஷின்கள் இருந்தன. பின்னலின் அடியில் சீப்பு போல ஒரு பட்டை, அதிலிருந்து ஈயக்குண்டுகள் தொங்கும். அவை துணியை ஒரே சீராகக் கீழே இழுத்தால்தான் காலர் நேராக இறங்கும். ஒரு குண்டு எடை குறைந்தாலும் அந்தப் பக்கம் பின்னல் கோணும். காலரை இரண்டாக மடித்தால் நுனியும் நுனியும் சேராது. உடுமலைப்பேட்டையிலிருந்து உலோகவியல் டிப்ளமாவோடு வந்த எனக்கு மிஷின் பராமரிப்பும் குண்டு வார்ப்பும் வேலை.

அந்த மிஷின்களில் பேர் போனவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு பெண். இளவயதுதான், ஆனாலும் கம்பெனி முழுக்க அவர் ‘காலர் அக்கா’. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. “என் காலரக் கழுத்துல போட்டவன் தல குனியவே முடியாதுல்லா” என்பார், முதலாளி காதில் விழும்படியாகவே.

ஈயம் வார்ப்பதில் பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். சட்டியின் சூடு ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்க வேண்டும். மிஞ்சினால் குண்டின் மேனி வெளிறி மங்கிவிடும். குறைந்தால் ஈயம் கூழாகி, அச்சின் மூலைகளுக்குப் போய்ச் சேராது. தோல் சுருங்கும், உள்ளே வெற்றிடமாகப் பொக்கை விழும், எடை குறையும். அதனால் பழைய குண்டுகளையும் வெட்டிய துண்டுகளையும் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தபின், இறங்கிய சூடு திரும்ப ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதை நான் படித்தும் இருந்தேன், பழகியும் இருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அது. பொட்டு வைத்துவிட்டால் பூஜை முடியும்வரை எந்தக் கருவியையும் தொடக் கூடாது. பொரியும் பூசணிக்காயும் வந்து இறங்கிவிட்டன. “ஏனுங் தம்பி, இன்னுமா அடுப்பு எரியுது? கரைச்ச சந்தனம் காயுதுங்க” என்று முதலாளி பட்டறை வாசலில் வந்து நின்றார். மீதமிருந்த அத்தனை துண்டுகளையும் அள்ளி ஒரே தடவையில் சட்டிக்குள் கொட்டினேன். உருகியிருந்த ஈயமும் உறைந்து கூழாயிற்று. காத்திருந்தால் சரியாகியிருக்கும். காத்திருக்காமல், இளகத் தொடங்கியதுமே ஊற்றினேன். சுருங்கிய தோலை அரத்தால் தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். தராசில் மட்டும் வைக்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடும் என்ற பயம்.

பூஜைக்குப் பின் ஓட்டிய முதல் லாட் காலர்கள் அத்தனையும் கோணல் என்று செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தன. “என் கையில கோளாறு இல்ல மொதலாளி. குண்டத் தூக்கிப் பாருங்க, பஞ்சுமுட்டாயி கணக்கா இருக்கு” என்றார் அக்கா. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். “இல்லீங்க, அந்தம்மா குண்ட எடம் மாத்தி மாட்டியிருக்கும்ங்க” என்றேன். படித்தவன் சொல், உள்ளூர்க்காரன் சொல்; அது எடுபட்டது. அக்காவை மிஷினிலிருந்து இறக்கிப் பிசிறு வெட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கே அவர் நிலைக்கவில்லை. வேலையை விட்டுப் போகும்போது பட்டறை வாசலில் நின்று கேட்டார்: “குண்டு பொக்கைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒங்க டிப்ளமாவப் பிடுங்கியிருப்பாகளா சாரே?”

அவர் போனபின் அந்தக் குண்டுகளை எல்லாம் உருக்கிச் சரியாக வார்த்து மாட்டினேன். புதிதாக வந்தவர் ஓட்டிய காலர்கள் நேராக இறங்கின. என் பொய்க்கு அதுவே சாட்சியாகவும் ஆகிவிட்டது.

ஓய்வு பெற்றுப் பல காலம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அக்காவும் மகளும் பழைய கை மிஷின்களை வாங்கிச் சிறிய யூனிட் நடத்துகிறார்களாம். பெரிய கம்பெனிகள் கம்ப்யூட்டர் மிஷினுக்கு மாறிய பிறகும் சின்ன ஆர்டர்களுக்கு அவர்களிடம் ஆள் வருகிறது. முதலாளியின் மகன் மட்டும், “லாட்டக் கெடுத்த அம்மான்னு அப்பாவே சொல்லியிருக்காருங்க” என்று வேலை தர மறுக்கிறாராம். என் பொய் ஓய்வு பெறாமல் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளே போய், அப்பாவையும் மகனையும் சேர்த்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதியவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “எங்கூட்டு விருந்துல எத்தன தடவ உக்காந்து சாப்புட்டீங்க தம்பி? ஒருக்காகூடச் சொல்லோணும்னு தோணலீங்களா?” என்றார். மகன் வியாபாரி. “சரிங்க, சாம்பிள் கொண்டு வரட்டும். காலர் பேசட்டும்” என்று முடித்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்ததும், “டிப்ளமாவா? வாங்க” என்றார். முடி முழுதும் நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை மிஷினை நிறுத்தாமல் கேட்டார். “மன்னிப்பு கேக்கியளோ? அத வச்சு நான் காலரா பின்ன முடியும்? எங்க குண்டெல்லாம் தேஞ்சு கெடக்கு. ஊத்தித் தாங்க, பாப்போம்.”

வீட்டுக் கொல்லையில் திறந்தவெளியில் அடுப்பு வைத்தேன். ஒரு துண்டு போடுவேன், வெப்பமானியில் முள் இறங்கும். அது பழைய இடத்துக்கு ஏறி நிற்கும்வரை கரண்டியைத் தொட மாட்டேன். அச்சைத் தட்டும்போது குண்டுகள் மூலை மழுங்காமல், சுருக்கம் விழாமல், பளிச்சென்று விழுந்தன. ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். முள் ஒரே இடத்தில் வந்து நின்றது. அந்தக் காலை வெயிலில் நான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து மருமகள் பயந்துவிட்டாள். பெயிண்ட் அடிக்கவில்லை. அக்கா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் எகிறவிட்டுப் பிடித்து, “ம், இது குண்டு” என்றார்.

சாம்பிளைக் கொண்டுபோன அன்று நானும் கூடப் போனேன். செக்கிங் பையன் முதல் காலரை மடித்தான். நுனியோடு நுனி சேர்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. மகன் தானே எழுந்து வந்து மடித்துப் பார்த்தார். பிறகு தலையாட்டி, “லாட் முழுசும் நீங்களே ஓட்டிக் குடுங்கம்மா” என்றார். நாற்காலியில் இருந்த முதியவர் கைகூப்பினார். “அம்மிணி, அன்னைக்கு உங்கள மிஷின உட்டு எறக்குனது என்ர தப்புங்க.” அக்கா மேசையிலிருந்த காலரை எடுத்து விரித்து, தானும் ஒருமுறை மடித்துப் பார்த்தார்.

“குண்டு எங்கீங்கம்மா வாங்குனீங்க? நல்ல சீரா இழுத்திருக்குதுங்க” என்று பையன் கேட்டான்.

“இந்தா நிக்காகளே, இவுகதான் ஊத்துனாக” என்றார் அக்கா. பிறகு அறை முழுவதும் கேட்கும்படி, “அன்னைக்குப் பொக்கைக் குண்ட ஊத்தி எம் பேரக் கெடுத்ததும் இவுகதான்” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க, ரெண்டும் நானேதானுங்க” என்றேன், அவரைப் போலவே சத்தமாக. அக்கா சிரித்துவிட்டார். வெளியே அவர் மகள் புது லாட்டுக்கான நூல் கோன்களை வண்டியில் ஏற்றத் தொடங்கியிருந்தாள்.