ஐந்து நிமிடம் வாய் மூடிய யாழினி

வெண்ணந்தூரிலிருந்து சேலம் போனதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். இருபத்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் என் ஒன்பது வயது மகள் யாழினிக்குப் பலூன் சிகிச்சை முடிந்து, போன செவ்வாய்க்கிழமைதான் முதல் பரிசோதனை.

போன வருடம் தலைவலி என்றாள், கண்ணாடி போட்டோம். தலைவலி போகவில்லை. குழந்தைகள் டாக்டர் ஒருவர் பிரஷர் பார்த்தார்: 150. "குழந்தைக்குப் போய் பிரஷரா!" என்று ஊரே வாய் பிளந்தது. ஊறுகாய்மேல் பழிபோட்டு, உப்பில்லாத சோற்றால் அவளை நான் வதைத்தேன். பாவம் ஊறுகாய்! ஸ்கேனில்தான் தெரிந்தது, இடது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தது. தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூனால் விரித்தார்கள். மறுபடி சுருங்கினால் பிரஷர் ஏறும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள்.

காலை 7.10 பஸ். எனக்கு 24 ரூபாய், அவளுக்கு 12. மல்லூர் தாண்டி ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது.

"ஏனுங்க, எவ்வளவு நேரமாகும்?"

"அந்த லாரியத்தானுங்க கேக்கோணும்," என்றார் கண்டக்டர்.

ஒன்பது மணி டோக்கனுக்கு 8.55க்குத்தான் மருத்துவமனை வாசலை மிதித்தோம். லிஃப்டில் கூட்டம். மூன்று மாடியும் ஓடினோம்.

நர்ஸ் பார்த்தார்: 126. மறுபடியுமா, சாமி?

"ஏனுங்க, படியேறி ஓடியாந்தீங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் ஏறாம என்ன பண்ணுமுங்க? கண்ணு, சாஞ்சு உக்காரு. கால ரெண்டும் தரையில வெய்யி. அஞ்சு நிமிசம் வாயத் தொறக்கக் கூடாது சாமி."

தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் என் மகள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

108/68.

"பேசலாமாம்மா?" என்றாள். அந்த அளவை நோட்டில் எழுதிக்கொண்டே தலையாட்டினேன்.

பதினொரு மணி ஸ்கேனிலும் ரத்த ஓட்டம் சரியாக இருந்தது. இரண்டு மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்திவிட்டார். வெளியே வந்து தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன், முப்பது ரூபாய். சட்னி மட்டும் கொஞ்சமாக, உப்பாயிற்றே.

இதே வேலையாக வருகிறவர்களுக்கு: ஒரு பஸ் முன்னதாகவே கிளம்புங்கள். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை குழந்தையின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பழைய அளவுகளை எழுதிய நோட்டை மறக்காதீர்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் இருபத்தாறு கிலோமீட்டரும் யாழினி ஓயாமல் பேசினாள். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால், "செத்த நேரம் சும்மா இரு சாமி" என்றிருப்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை.