வெடிக்காத பாய்லர்

என் கல்யாண வீடியோவில் தாய்மாமா ஒரு காட்சியிலும் இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் அத்தை மட்டும், வேர்த்த முகத்தோடு, சமையலறைப் பக்கமே பார்த்தபடி நிற்கிறாள். அந்த நேரம் மாமா மண்டபத்துக்குப் பின்புறம், கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக இருக்கும் கூண்டுக்கு முன்னால், புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

மாமா குலசேகரத்தில் கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவர். வீட்டு அடுப்பு, ரெகுலேட்டர், டியூப், இவ்வளவுதான் அவர் தொழில். ரப்பர் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் பைக்கில் போவார். வேலை முடிந்ததும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணையும் குனிந்து பார்க்கச் சொல்வார். அவர் சரியென்றால் சரி என்று ஊர் நம்பியது.

மண்டபச் சமையலறையில் சோறும் காயும் வேகவைக்க நீராவி பாய்லர் வைத்திருந்தார்கள். ஆள் உயர இரும்பு உருளை. அடியில் கேஸ் எரியும். நீராவி குழாய் வழியாக அண்டாக்களுக்குப் போகும். கல்யாணத்தன்று காலையில் அது பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. அழுத்தம் காட்டும் முள், அணைத்த பிறகும் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றது. பாய்லர் கம்பெனி ஆள் மறுநாள்தான் வரமுடியும் என்றுவிட்டான். பெண்ணின் மாமா கேஸ் மெக்கானிக்தானே என்று யாரோ சொல்ல, மண்டப மேனேஜர் மாமாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அங்கே நடந்ததைக் கூடவே போன என் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாமா பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியாது. எனக்க வேலை வீட்டு அடுப்பு."

"ரெண்டுலயும் கேஸ்தானே ஓய் எரியுது?" என்றார் மேனேஜர்.

"எரியது கேஸுதான். ஆனா மேல இருக்கது சட்டி இல்ல, அடைச்சு வச்ச நீராவி. அதைப் படிச்ச ஆளு வரணும். அது நான் இல்ல."

"சும்மா ஒண்ணு பாத்துக் குடும். முகூர்த்த நேரம்."

"தொட மாட்டேன். வேற ஆளைப் பத்த வைக்க விடவும் மாட்டேன். உள்ள சமையலுக்கு அத்தனை பொம்பளைகள்லா நிக்காவ."

சிலிண்டர் வால்வுகளை மூடிவிட்டுக் கூண்டை மறித்து நின்றார். என் அப்பா போய்க் கெஞ்சினார், பிறகு ஏசினார். மாமா நகரவில்லை. கடைசியில் முற்றத்தில் கல் கூட்டி விறகடுப்பில் சமைத்தார்கள். பந்தி போட வெயில் சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடாமலே தங்கள் ஊரான மண்டைக்காட்டுக்கு வண்டி ஏறினார்கள். சோறு போட வக்கில்லாத வீடு என்று என் மாமியார் கண்மூடும்வரை சொல்லிக் காட்டினாள்.

மறுநாளும் கம்பெனி ஆள் வரவில்லை. மேனேஜர் ஜங்ஷனிலிருந்து வேறொரு அடுப்பு மெக்கானிக்கைப் பிடித்து வந்தார். அவன் எதையோ முறுக்கினான், பாய்லர் எரிந்தது. அதன்பிறகு எத்தனையோ கல்யாணத்துக்கு எரிந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள், "பொறவு வெடிச்சுதா?" என்பார்கள். வெடிக்கவில்லை என்றதும் அவர்கள் முகத்தில் தெரியும் ஏமாற்றத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு பெண்கள் வெந்து செத்திருந்தால் மாமாவைத் தலையில் தூக்கி வைத்திருப்பார்கள். யாரும் சாகவில்லை, அதனால் அவர் பயந்தாங்கொள்ளி. என்ன நியாயம் இது?

தொழில் தெரியாதவன் என்று பேச்சு பரவியது. வீடுகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை நிறுத்தின. மாமா கடைசியில் ரப்பர் பால்வெட்டப் போனார். ஒருமுறை நான் ஆற்றமாட்டாமல் புலம்பியபோது, "மக்கா, தெரியாத வேலையைத் தெரியும்னு சொல்லியா ஒனக்க கல்யாணச் சோத்தை நான் வேக வைக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். மேனேஜர் மாலையோடு வந்தார். போட்டுவிட்டு, அத்தையின் காதுபடவே, "தங்கமான மனுசன். தொழில்தான் அவ்வளவா வராது" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் கணவரும்.

நான் எழுந்துவிட்டேன். "தெரியாதுன்னு வாயத் திறந்து சொல்லதுக்கு ஒமக்குத் தைரியம் உண்டா? நீரு பிடிச்சிட்டு வந்தவனுக்கு உண்டா? அண்ணைக்கு அடுக்களையில நின்ன பொம்பளைகள்ல ஒருத்திக்க பேரு சொல்லும், பாப்போம். ஒரே ஒருத்தி பேரு!"

"துட்டி வீட்டுல இப்பிடியா பேசுவாவ?" என்று கணவர் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். மேனேஜர் வாசல் பக்கம் திரும்பினார்.

வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எனக்க பேரு செல்லத்தங்கம்," என்றாள். "அண்ணைக்கு பாய்லருக்க பக்கத்துல நின்னது நானாக்கும்."