மலைக்கு ஏறிய தக்காளி

நசுங்கிய தக்காளியும் கொட்டிய டீசலும் வெயிலில் காய்ந்தால் ஒரு புளித்த வாடை எழும். அதோடு ரத்தமும் சேர்ந்துவிட்டால் அது தொண்டைக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். பாலக்கோட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் இரண்டும் பிறந்ததிலிருந்தே பழக்கம், மூன்றாவது வந்து சேர்ந்தது நான் ஆறாம் வகுப்பு படித்த ஆடி மாதத்தில். இன்றுவரை ரசத்துக்குத் தக்காளியைக் கையால் பிசைய என்னால் முடிந்ததில்லை. மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் ஒரு மினி லாரி இருந்தது. சுற்றுவட்டக் காடு கழனிகளில் பறிக்கும் தக்காளியைக் கூடை கூடையாக ஏற்றிவந்து மார்க்கெட்டில் இறக்குவதுதான் அதன் வேலை, அதாவது அப்பாவின் வேலை. வருடத்துக்கு ஒருமுறை தருமபுரிக்குப் போய் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டு வருவார், பள்ளிக்கூடம் லீவாக இருந்தால் என்னையும் கூட்டிப்போவார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் ரெக்சின் பையோடு உட்கார்ந்திருக்கும் சம்பத்து என்பவரிடம்தான் கட்டுவது. எல்லோரும் அவரைப் 'பாலிசி சம்பத்து' என்பார்கள். ஏன் போன வருடத்தைவிட அதிகம், ஏன் பக்கத்து வீட்டு டிராக்டருக்கு மட்டும் குறைச்சல் என்று அப்பா வருடாவருடம் சண்டை பிடிப்பார், சம்பத்து சலிக்காமல் பதில் சொல்வார்.

"பைக்குக்கு இஞ்சின் சைஸப் பாக்கறான். லாரிக்கு எத்தன டன்னு ஏத்தும்னு பாக்கறான். பஸ்ஸுக்கு சீட்ட எண்றான். எது மோதுனா எத்தன பேரு சாவாங்கன்னு பாத்து வெச்ச ரேட்டுங்க அது. டிராக்டரு உழவுக்கு, ரோட்ல ஓடற நேரம் கம்மி, அதான் கொறச்சல். வண்டி பழசானா அதோட மதிப்பு எறங்கும், அதுக்குக் கட்டறதும் எறங்கும். அடுத்தவன மோதுனா குடுக்கறதுக்குன்னு கட்டறதுல மட்டும் பழசு புதுசு கெடையாதுங்க, அது கவர்மெண்டு வெச்ச ரேட்டு."

எனக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வருகிற வண்டியையெல்லாம் அது எத்தனை பேரைக் கொல்லும் என்று எண்ணிப் பார்ப்பேன்: ஸ்கூட்டி என்றால் ஒரு கிழவர், கார் என்றால் ஒரு குடும்பம், டவுன் பஸ் என்றால் ஒரு தெரு. பத்து வயதுப் பெண் செய்கிற வேலையா என்று கேட்டால், அந்த வயதில் சாவைப்போல் சுவாரசியமான விஷயம் வேறு எதுவும் இல்லை என்றுதான் சொல்வேன்.

அந்த வருடம் பணம் கட்டி முடித்ததும் சம்பத்து இன்னொன்றும் சொன்னார். "சொந்தக்காரங்கள ஏத்துவீங்கன்னா ஆளுக்குக் கொஞ்சம் சேத்துக் கட்டிடுங்க. பெருசா ஒன்னுமில்ல."

"தக்காளிதாங்க ஏத்தறேன். ஆள ஏத்த நான் என்ன பஸ்ஸா வெச்சிருக்கேன்" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லவில்லை. காதுகுத்து, கல்யாணம், கெடாவெட்டு என்று எங்கள் பக்கத்தில் எந்த விசேஷத்துக்கும் சரக்கு வண்டியில் தார்ப்பாய் விரித்து ஏறி உட்கார்ந்துகொண்டு போவதுதான் வழக்கம், அதை யாரும் ஆள் ஏற்றுவது என்று சொல்வதில்லை, 'கூட்டிட்டுப் போறது' என்றுதான் சொல்வார்கள். டிக்கெட் கொடுத்தால்தான் ஆள் என்பது அவர்கள் கணக்கு.

அப்பாவுடன் பிறந்தவர் ஒரே ஒரு தங்கை, என் அத்தை. அத்தை வீட்டுக்காரர், என் மாமா, மூன்று முறை போர் போட்டும் வெறும் புகைதான் வந்தது. நாலாவது முறை தண்ணீர் வந்தால் வத்தல்மலை மேலிருக்கும் குலசாமிக்குக் கெடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார், தண்ணீரும் வந்துவிட்டது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேர் வண்டியின் பின்னால் ஏறினார்கள். நானும் அம்மாவும் முன்னால் அப்பாவின் பக்கத்தில். மாமா பின்கதவோரம் உட்கார்ந்து, ஆடு குதித்துவிடாமலிருக்க அதன் கயிற்றைத் தன் மணிக்கட்டில் நாலைந்து சுற்று சுற்றிக்கொண்டார்.

மலைப்பாதை அப்போது பாதி மண், பாதி ஜல்லி. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும்போது இஞ்சின் நின்றுவிட்டது. அப்பா பிரேக்கை மிதித்த மிதி எனக்கு இன்றும் காலில் உறைக்கிறது. சக்கரம் ஜல்லியில் வழுக்கி, வண்டி பின்னோக்கி ஓடி, பாறையில் இடித்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. பின்னாலிருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். கை உடைந்தவர்கள், மண்டை கிழிந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். ஆடும் குதித்தது. கயிறு பின்கதவில் சிக்கிக் கையில் இறுகியிருந்ததால் மாமாவால் மட்டும் குதிக்க முடியவில்லை, வண்டியின் இரும்புச் சட்டம் அவர் நெஞ்சின்மேல் விழுந்தது. நான் உடைந்த கண்ணாடி வழியாக வெளியே வந்தபோது, சட்டத்துக்கு வெளியே நீண்டு கிடந்த மாமாவின் கையையும் அதில் கட்டுண்டு கத்திக்கொண்டிருந்த ஆட்டையும்தான் முதலில் பார்த்தேன்.

யாரோ கயிற்றை அறுத்து என் கையில் கொடுத்து, "புடிச்சுக்க பாப்பா" என்றார்கள். பிடித்துக்கொண்டேன். அத்தை இரண்டு கையாலும் அப்பாவின் நெஞ்சில் அறைந்தார், அப்பா அப்படியே வாங்கிக்கொண்டு நின்றார். பின்னால் பைக்கில் வந்த மாமாவின் தம்பிகள் இருவரும் வந்து சேர்ந்ததும், பெரியவன் வண்டியிலிருந்து விழுந்து கிடந்த ஜாக்கி ராடை எடுத்து அப்பாவின் முகத்தில் அடித்தான். தாடை எலும்பு உடையும் சத்தம் விறகு முறிவதுபோல் கேட்டது. சின்னவன் கீழே விழுந்தவரை மிதித்தான். அம்மா அப்பாவின்மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டதால்தான் அன்று இரண்டு சாவு நடக்கவில்லை. எனக்கு அவர்கள் இருவரையும் கொல்ல வேண்டும்போல் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து மாமாவையும் அத்தையையும் அடிபட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அப்பா மட்டும் ஏற மறுத்துவிட்டார். அப்புறம்தான் பெரியவனுக்கு அத்தையின் நிலைமை உறைத்தது. நிலம் இன்னும் மாமாவின் பேருக்கு மாறவில்லை, பிள்ளைகள் இரண்டும் சின்னது. அப்பாவின் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, சம்பத்தைக் கூப்பிட்டான். யார் இறந்தது என்று சம்பத்து கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "சரக்கு வண்டில சும்மா வந்தவருக்கு வராதுங்க. வண்டில சரக்கு இருந்து, எறந்தவர் அந்தச் சரக்குக்குச் சொந்தக்காரரா கூட வந்திருந்தா வரும். சரக்கு எதாச்சும் இருந்துச்சுங்களா?"

பெரியவன் அப்பாவைப் பார்த்தான். வருடக்கணக்காகத் தக்காளியைத் தவிர வேறெதையும் சரக்கு என்று நினைத்தறியாத அப்பா, உடைந்த தாடையோடு இல்லையென்று தலையாட்டினார்.

"தக்காளி ஏத்தற வண்டிதான, தக்காளியப் போட்டா ஆச்சு" என்றான் சின்னவன்.

போலீஸ் வருவதற்குள் அடிவாரத்தில் தெரிந்தவர் காட்டிலிருந்து எட்டுக் கூடை வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் ராடால் அடித்த அதே கை ஒரு பக்கமும், ரத்தம் வழியும் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கை மறுபக்கமுமாகக் கூடையைத் தூக்கி ரோட்டில் கவிழ்த்தார்கள். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று பாதியைக் காலால் மிதித்து நசுக்கினார்கள். மாமா கிடந்த இடத்தில் இரண்டு கூடை.

பிறகு பெரியவன் என்னிடம் வந்தான். "கெடாவப் பாத்தா கோயிலுக்குப் போற வண்டின்னு கண்டுபுடிச்சிடுவாங்க" என்று சொல்லிக் கயிற்றைக் கேட்டான். நான் விடவில்லை, அவன் பிடுங்கிய வேகத்தில் என் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. சாமிக்கென்று கொண்டுவந்த அரிவாளால் சாமி இல்லாத புதர் மறைவில் ஆட்டை வெட்டினான். ஒரே வெட்டில் விழவில்லை, நாலைந்து வெட்டு வெட்டினான். பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்து கையைத் தக்காளிச் சாற்றில் துடைத்துக்கொண்டான்.

மாமா தன் தக்காளியோடு வந்ததாக வக்கீல் வைத்துக் கேஸ் போட்டார்கள். சில மாதங்கள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர், அம்மா கொடுத்த மோரைக்கூட ஒட்டக் குடித்தார். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மலையில சாமையும் காப்பியும் வெளையுது. தக்காளி கீழதான் வெலைக்குப் போகுது. பண்டம் மலையிலருந்து மார்க்கெட்டுக்கு வரும், மார்க்கெட்டு பக்கத்துலருந்து தக்காளி மலைக்கு ஏன் ஏறுச்சுங்க?"

அவ்வளவு அடியும் உதையும் கொடுத்தும் வாங்கியும், அவ்வளவு பழத்தையும் மிதித்தவர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, "பாப்பா, வண்டில வேற எதாச்சும் இருந்துச்சா?" என்றார். உள்ளங்கையில் தழும்பு அரித்தது. அப்பா என்னையே பார்த்தார்.

"தக்காளி மட்டுந்தாங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போனார். பணம் இல்லையென்று ஆகிவிட்டது, மேலே பேசினால் பொய்க் கேஸ் போட்டதாக உள்ளே போக வேண்டிவரும் என்று வக்கீலும் விலகிக்கொண்டார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சம்பத்திடம் போய், முதல் தடவையாக நடந்ததை நடந்தபடி சொன்னார், ஆட்டையும் சேர்த்து.

சம்பத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க. ஆடும் சரக்குதாங்க. சட்டத்துல மனுசனத் தவிர எல்லாமே சரக்கு. ஆட்டுக்குச் சொந்தக்காரரு ஆட்டோட வந்தாருன்னு உள்ளதச் சொல்லியிருந்தா, கேஸாவது நின்னிருக்கும்."

அப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். "நான் கேட்டேனேங்க, சரக்கு இருந்துச்சான்னு" என்று சம்பத்து அடிகளுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா அவரை விட்டுவிட்டு, டீக்கடைத் தூணில் தன் தலையை மோதிக்கொண்டார், ஆட்கள் வந்து பிடிக்கிறவரை மோதினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "அத்தகிட்ட சொல்லிடாத" என்று மட்டும் சொன்னார்.

இன்று தருமபுரியில் அந்த டீக்கடை இல்லை, சம்பத்தும் இல்லை. என் ஸ்கூட்டருக்கு நான் போனிலேயே கட்டிவிடுகிறேன். எத்தனை சிசி, எத்தனை வருடப் பழசு, போன வருடம் எதற்காவது பணம் கேட்டாயா என்று அது வரிசையாகக் கேட்கிறது, மலைக்கு எதைக் கொண்டுபோகிறாய் என்று கேட்பதில்லை. மலைப்பாதை தார் ரோடாகி, வளைவுகளில் தடுப்புச் சுவரும் வந்துவிட்டது. சரக்கு வண்டியில் கெடாவோடு போகிறவர்கள் மட்டும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்பா கடைசிவரை ஒரு பக்கத்தாலேயே மென்று சாப்பிட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டார். அத்தை காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் தக்காளி பறித்தே பிள்ளைகளை வளர்த்தார்.

மாமா இறந்த நாளில் அத்தையை அந்த வளைவுக்குக் கூட்டிப்போவது இப்போது என் வேலை. இந்த ஆடியில் அடிவாரத்தில் ஸ்கூட்டரின் பின்னால் ஏறும்போதே கேட்டார்: "இன்சூரன்ஸு என்னையும் சேத்துத்தான கட்டியிருக்க?"

"ஆமாங்கத்த. பின்னாடி உக்கார்றவங்களுக்கும் சேத்துத்தான்."

இரண்டாவது வளைவில் இறங்கிச் சூடம் கொளுத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, வருடாவருடம் சொல்வதையே சொன்னார்: "எட்டுக் கூடதான் போட்டாங்க. இன்னும் ரெண்டு சேத்துப் போட்டிருந்தா நம்பியிருப்பானுங்களோ என்னமோ."

"இருக்கலாங்கத்த" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.