வியாழக்கிழமைச் சிவப்பு

எங்கள் அலுவலகம் கராடியில் இருக்கிறது. நாங்கள் கணக்குக் காட்டும் பம்ப் தொழிற்சாலை பிம்ப்ரியில். இரண்டுக்கும் நடுவில் முழுப் புனேவும் கிடந்ததால், இரண்டு வருடமாக அந்தத் தொழிற்சாலையை நான் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அதுவே போதும் என்றும் நினைத்திருந்தேன்.

திரை என்றால் டாஷ்போர்டு. இன்றைக்கு எத்தனை பம்ப் லாரி ஏறியது, இலக்கு எவ்வளவு. எட்டினால் பச்சை, தவறினால் சிவப்பு. இதை ஆளாளுக்கு மவுசால் இழுத்து ஒட்டிச் செய்துகொண்டிருந்தார்கள். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன். ஒரே கேள்விக்கு மூன்று டாஷ்போர்டு மூன்று பதில் சொல்லும். ஒன்றில் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் ரோஸ் கலர் இருந்தது. கேட்டால், "அந்த மேனேஜருக்குப் பச்சை பிடிக்காது" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் ஒரு திட்டம் வைத்தேன். இனி யாரும் மவுசைத் தொட வேண்டாம், டாஷ்போர்டு அத்தனையையும் கோடாக, அதாவது கணினி நிரலாக, எழுதிவிடலாம். எந்த எண், எந்த இலக்கு, எந்த நிறம், எந்த நாள் விடுமுறை, எல்லாம் எழுத்தாகக் கோப்பில் இருக்கும். விடுமுறையைப் பொதுக் கோப்பில் ஒருமுறை எழுதினால் நாற்பது டாஷ்போர்டும் அதையே எடுத்துக்கொள்ளும். ஒருவர் மாற்றினால் இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். டைரக்டர் முன்னால் நின்று, "எந்த வரியை யார், எதுக்காக மாத்தினாங்கன்னு ஒரு தட்டுல தெரியும் சார். இனிமே யாரும் தப்பிக்க முடியாது" என்று முழங்கினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குச் சொன்னதாக நினைக்கவில்லை.

பிம்ப்ரியின் பழைய டாஷ்போர்டைப் பிரித்தபோது உள்ளே ஒரு விசித்திரம் இருந்தது. வியாழக்கிழமை வந்தால் இலக்கைப் பூஜ்யமாக்கு என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாரோ குருவாரம் விரதம் இருக்கிறார், தொழிற்சாலையையும் சேர்த்து விரதம் இருக்கவைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். வரியை அழித்தேன். பொதுக் கோப்பில் வார விடுமுறை ஞாயிறு என்று எழுதினேன். மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் 'மூடநம்பிக்கை நீக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் போட்டேன். ஒப்புதல் தர வேண்டிய சக ஊழியர் சென்னையிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். இரண்டே நிமிடத்தில் கட்டைவிரல் படம் போட்டு அனுமதித்துவிட்டார். குருடனுக்குக் குருடன் வழி காட்டியாயிற்று.

அடுத்த வியாழன் நாற்பது டாஷ்போர்டிலும் பிம்ப்ரி சிவந்தது. அதற்கடுத்த வியாழனும். மாதக் கணக்கும் மெல்லச் சிவப்புக்குச் சரிந்தது.

அங்கே சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மராத்திக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர். போனில் ஹிந்தியில் பேசினார். "மேடம், உங்க திரையில ஏதோ கோளாறு. வியாழக்கிழமை எல்லாம் சிவப்பாக் காட்டுது."

"திரை சரியாத்தான் இருக்கு சார். எல்லாக் கிழமைக்கும் ஒரே விதிதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போனது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசி முடித்து, அவரை நீக்கிவிட்டு வெளிக் காண்டிராக்டருக்கு வேலையைக் கொடுக்கப்போவதாக டைரக்டர் சொன்னார். புதன்கிழமை மறுபடி போன் வந்தது. "நாளைக்கு ஒரு தடவை பிம்ப்ரிக்கு வாங்க மேடம். உங்க கண்ணால பாத்துட்டு என்ன வேணா சொல்லுங்க."

சோம்பேறித்தனத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் போனேன். மெட்ரோவில் ஒருமுறை மாறி, இறங்கி ஆட்டோ பிடித்து உள்ளே போனால், தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. எங்கள் தொழிற்சாலை மட்டுமல்ல, பக்கத்துத் தொழிற்சாலை, எதிர்த் தொழிற்சாலை, பட்டறைகள், டீக்கடை வரை எல்லாமே பூட்டு. கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு, மடியில் டீ ஃபிளாஸ்க்.

"குருவாரி சுட்டி, மேடம்" என்றார். வியாழக்கிழமை லீவு.

"இந்த வாரமா?"

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. அன்னிக்குக் கரண்ட்டை நிறுத்துவாங்க, அதனால இந்த வட்டாரத்துக்கே வியாழன்தான் லீவு. ஞாயித்துக்கிழமை முழு வேலை. அன்னிக்கு நாங்க ஏத்துற லாரியை உங்க திரை கணக்குலயே சேக்கறதில்ல."

பிம்ப்ரியில் வியாழன் விடுமுறை என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அதை ஒருத்திக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "உங்களுக்குத் தெரியாதுங்கறது நேத்துதான் எனக்குப் புரிஞ்சுது. போன்ல சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் கூப்பிட்டேன்" என்று ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. டீ நன்றாக இருந்தது வேறு.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நடந்ததைச் சொன்னேன். என் கணவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃபிளாட் கதவு திறந்தது. "ஏம்மா, வாராவாரம் புதன்கிழமை பக்கெட்டும் கையுமா நிக்கறனே, எதுக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? இந்த ஊர்ல தண்ணி, கரண்ட் எல்லாத்தையும் வியாழக்கிழமைதான் நிறுத்துவாங்க" என்றார். எங்கள் வீட்டுக் குளியலறையே அந்த விதியின்படிதான் நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன் சக ஊழியர் காதைக் கடித்தார். "சத்தமில்லாம மாத்திடலாங்க. சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிக்கலாம்." ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பர் செருப்பு கண்ணில் நின்றது. கூட்டம் தொடங்கியதும் தவறு பிம்ப்ரியில் இல்லை, என் கோப்பில் இருக்கிறது என்று சொன்னேன்.

"அந்த வரியை யார் எடுத்தது?" என்றார் டைரக்டர்.

"நான்தான் சார்."

"எதுக்காக? ஒரு தட்டுல தெரியும்னு சொன்னீங்களே, தட்டுங்க."

தட்டினேன். சுவரளவு திரையில் என் பெயர், அதன் கீழே 'மூடநம்பிக்கை நீக்கப்பட்டது'. பிம்ப்ரிக்காரர் வீடியோவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். "மேடம் நேத்து நேர்லயே வந்து பார்த்தாங்க சார். லீவு நாள்ல" என்றார். யார் வேலைக்கு உலை வைத்தேனோ அவர் எனக்காகப் பேசினார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

வியாழனையும் ஞாயிறையும் இடம் மாற்றி ஓட்டிக் காட்டினேன். இரண்டு மாதமும் பச்சை. காண்டிராக்டர் பேச்சு அத்தோடு நின்றது.

பிம்ப்ரி விடுமுறைக் கோப்புக்கு ஒப்புதல் தருபவராக அவரையே போட்டேன். கோடு தெரியாதே என்றார். படிக்கத் தெரிந்தால் போதும் என்றேன். என் சக ஊழியர் இரண்டு நிமிடத்தில் கட்டைவிரல் காட்டிய கோப்புக்கு அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஒப்புதல் வரவில்லை, ஒரு குறிப்பு வந்தது. "வியாழன் சரி. ஆனால் ஜனவரி நடுவில் எங்களுக்கு மூன்று நாள் லீவு கொடுத்திருக்கிறீர்கள், மிகவும் நன்றி. அது என்ன பண்டிகை? கணபதி விசர்ஜனத்தன்று மட்டும் ஏன் வேலைக்கு வரச் சொல்கிறீர்கள்?"