கவிழ்த்து வைத்த வள்ளம் கொண்டுவந்த நண்டு

1. நண்டு ஏற்றுமதி செய்பவர்கள், எது எந்த வள்ளத்தில் வந்தது என்று தெரியவேண்டும் என்றார்கள்.
2. வள்ள இலக்கம் போடாவிட்டால் நிறை பதியாதபடி, நண்டு வாங்கும் கொட்டில்களில் பாவிக்கும் எங்கள் கம்பனியின் செயலியை மாற்றினேன். முகாமையாளர் கேட்டது அவ்வளவுதான்.
3. இரண்டு கிழமையாக ஒரு முறைப்பாடும் இல்லை. வேலை சரி என்று நினைத்தேன்.
4. பிறகு பதிவுகளைப் பார்த்தேன். காற்றுக்குப் பயந்து யாரும் கடலுக்குப் போகாத நாட்களிலும் ஒரு வள்ளம் நண்டு கொண்டுவந்திருந்தது.
5. அந்த இலக்கத்தைத் தேடித் தோட்டவெளிக் கரைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அடியில் தலை நுழையுமளவு ஓட்டை.

நண்டு எடுக்கும் கொட்டிலில் தராசுக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணை, இந்த வள்ளம் எப்பிடிக் கடலுக்குப் போகுது?"

"உங்கட செயலிக்குள்ளதான் போகுது. வள்ளம் கேட்டுது, குடுத்தம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூடையோடு நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வலை கட்டுபவர் அவர். சொந்த வள்ளம் இல்லை. அவர் நண்டு பதிவானது தம்பியின் அந்த ஓட்டை வள்ளத்தின் இலக்கத்தில்.

"தங்கச்சி, இனி என்ர நண்டை எடுக்க மாட்டினமோ?"

அவர் விற்கக்கூடிய ஒரே இடம் அது. "எடுப்பினம். நான் கதைக்கிறன்" என்றேன்.

கொழும்பிலிருக்கும் முகாமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "நடந்து பிடிக்கிறவை கொஞ்சப் பேர்தானே? அடுத்த பதிப்பில பாப்பம்" என்றார்.

நியாயம் பேசினால் அடுத்த பதிப்பு அதற்கடுத்த பதிப்பாகும் என்று எனக்குத் தெரியும். அதனால் வேறு விதமாகக் கேட்டேன். "ஏற்றுமதிக்காரர் நேரில வந்து இந்த வள்ளத்தைக் காட்டுங்கோ எண்டால், எதைக் காட்டுறது சேர்?"



"எப்ப முடிச்சுத் தருவீங்கள்?"

"இண்டைக்குப் பின்னேரம்."

'நடந்து பிடித்தது' என்ற தெரிவைச் சேர்த்தேன். வள்ளத்துக்குப் பதிலாகப் பிடித்தவரின் பெயரையும் இடத்தையும் கேட்கும். முதல் திரையில் வைக்க அவர் விடவில்லை. வள்ளங்கள் வரும் நேரத்தில் தராசு தாமதிக்கக் கூடாதாம். இரண்டாவது திரைக்கு ஒப்புக்கொண்டேன். தெரிவு இல்லாமல் போவதைவிட அது மேல்.

இப்போது அந்த அக்காவின் நண்டு அவர் பெயரிலேயே பதிவாகிறது. ஆனால் இரண்டாவது திரைக்குப் போக நேரமில்லை என்று தராசுக்காரர் சொல்வதால், வள்ளக்காரர் எல்லோரும் போன பிறகுதான் அவர் கூடை தராசில் ஏறுகிறது. தெரிவை முதல் திரைக்கு மாற்றக் கேட்டு முகாமையாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.