நாலு பக்கமும் திறந்த மண்டபம்

முப்பத்தோரு வருஷம் செர்பிய நகராட்சி ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் உட்கார்ந்து விதோசவா வரைந்ததெல்லாம் பேருந்து நிறுத்தங்கள்தான். மூன்று பக்கம் கண்ணாடி, மேலே தகரம். ஓய்வு பெறப்போகிற வருஷத்தில் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மண்டபம் வரையச் சொன்னார்கள். இந்த ஒன்றாவது உருப்படியாக நிற்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள்.

ஊர் ஜனங்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் உயிரே போய்விடும் என்று நம்புகிற கூட்டம். குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளுமாம், கல்லில் உட்கார்ந்த பெண்ணுக்குப் பிள்ளையே பிறக்காதாம். ஆகஸ்டு வெயிலிலும் பேருந்து ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டு வேர்வையில் வேகிற ஜென்மங்கள்.

"காத்துன்னா என்னன்னு இதுங்களுக்குக் காட்டறேன்" என்று சொல்லி, டான்யூப் ஆற்றுக் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிற மாதிரி எட்டுத் தூண்கள் வரைந்தாள். சுவர் கிடையாது. சுற்றிலும் கல் பெஞ்சு.

மண்டபம் திறந்து ஒரு மாதம் ஆயிற்று. ஒரு ஆள்கூட அதில் நிலைத்து உட்காரவில்லை.

"எந்திரிடி! கல்லுல உக்காந்துட்டு நாளைக்கு எங்கிட்ட வந்து அழுவியா?" என்று ஒரு தாய், வளர்ந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பூங்கா இயக்குநர் ஸ்ரெத்தென் கண்ணாடி போடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். மூன்று பக்கம் கண்ணாடி.

முடிவு செய்ய அக்டோபரில் ஒருநாள் காலையில் மூன்று அதிகாரிகளோடு அவர் வந்தார். வரைபடக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விதோசவாவும் போனாள்.

"உக்காந்துதான் பாருங்களேன், செத்தா போயிடுவீங்க?"

"மொதல்ல நீங்க உக்காருங்க மேடம்" என்று ஸ்ரெத்தென் பல்லைக் காட்டினார்.

உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இந்த ஊரின் மூடத்தனத்தைக் கிழிகிழியென்று கிழித்தாள். ஆற்றிலிருந்து காற்று வந்தது. அவள் நிறுத்தவில்லை. ஆனால் அதிகாரிகள் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தன்பாட்டுக்குத் தோளில் கிடந்த கம்பளித் துண்டைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

அவளும் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்க மேடம்" என்றார் ஸ்ரெத்தென், ரொம்ப மரியாதையாக. "கண்ணாடிக்குக் கையெழுத்துப் போடணும். கோப்பு உங்களுக்குக் கீழ இருக்கு."

எழுந்து எடுத்துக் கொடுத்தாள். கோப்பு வெதுவெதுவென்று இருந்தது.